நாற்பத்து மூன்றாவது வாக்கியம்

எங்கள் சங்கம் கூடியது தோல் கிடங்கின் மாடியில். கீழே பதனிட்ட ஆட்டுத்தோல் கட்டுக் கட்டாகக் கப்பலுக்குக் காத்துக் கிடக்கும். ஆவாரம்பட்டை ஊறிய அந்த வாடை எங்களுக்கு முன்னாலேயே படியேறிப் போய் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும். ஜன்னலைத் திறந்தால் ராயபுரத்துக் கடல் தெரியும், காற்று வரும், வாடை கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும். யுத்தம் தொடங்கின பிறகு அந்த ஜன்னலை நாங்கள் திறக்கவில்லை. துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஐந்தாறு பாஷையில் பேசினால் தெருவில் போகிறவன் என்ன நினைப்பான்? மூடிக்கொண்டோம். மாதத்தின் முதல் ஞாயிறு, பிற்பகல் மூன்று மணிக்கு, வியர்த்து வழிந்துகொண்டு, மூடிய அறையில் வினைச்சொற்களைப் பற்றிப் பேசினோம்.

பிறதேசத்து மொழிகளைச் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறவர்களின் சங்கம் அது. வடசென்னை முழுவதற்கும் என்று பலகையில் எழுதியிருந்தோம். எண்ணூரிலிருந்து ஒருவர், திருவொற்றியூரிலிருந்து ஒருவர், மற்றவர்களெல்லாம் ராயபுரத்தைச் சுற்றியே. கப்பல் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இங்கிலீஷ் வேண்டும். தோல் வியாபாரிக்குப் பிரெஞ்சுக் கடிதம் வாசிக்க வேண்டும். பினாங்குக்குக் கப்பலேறுகிறவனுக்கு நாலு வார்த்தை மலாய் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் நாங்கள்.

தலைவர் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். அவருடைய பள்ளிக்கூடத்திலேயே நான் இங்கிலீஷ் வாத்தியார். வயது இருபத்தைந்து, கைப்பையில் யாருக்கும் காட்டாத கவிதைகள். மலாய் சொல்லிக் கொடுத்தவர் வண்ணாரப்பேட்டைக்காரர், பினாங்கில் பத்து வருஷம் துணிக்கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பியவர். என்னை ‘மாமு’ என்றுதான் கூப்பிடுவார், நானும் அவரை அப்படியே. பிரெஞ்சுக்கு ஓர் அம்மாள். புதுச்சேரிச் சட்டைக்காரக் குடும்பம், பாதி பிரெஞ்சு ரத்தம், விதவை, கணுக்கால் வரை கறுப்புக் கவுன். எல்லோரும் மதாம் என்போம். அவர் எங்களை, ஆண்களை, ‘முசே’ என்பார். மதாமின் தமிழ் சமையற்காரியிடம் கற்றது. உப்பு, புளி, கொதிக்குது, வெந்துபோச்சு, போதும், வை. அந்த அடுப்படியைத் தாண்டி அது வெளியே வந்ததே இல்லை.

என் தமிழைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் பிறந்தது காசிமேடு, வளர்ந்தது கொருக்குப்பேட்டை, அப்பாவுக்கு ரயில் யார்டில் வேலை. ‘இன்னா’வும் ‘கீது’வும் தாய்ப்பாலோடு குடித்தவை. பள்ளிக்கூட வேலைக்குப் போன அன்று தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“இங்கிலீஷ் பரவாயில்லை. தமிழில்தான் குப்பத்து உப்புக்காற்று அடிக்கிறது. என் பிள்ளைகள் காதில் அது விழுந்தால் அடுத்த நாள் நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.”

அன்றிலிருந்து நாக்கைப் பிடித்துக் கட்டிப் போட்டேன். வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, துவைத்து, பிழிந்து, அப்புறம்தான் வெளியே விடுவேன். அப்படியும் ஒரு எழுத்து என்னிடமிருந்து தப்பி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கே தெரியாது. ஒரே ஒரு எழுத்து.

சங்கம் அப்போது ‘நூறு வாக்கியம்’ என்றொரு வேலையில் இறங்கியிருந்தது. ஒரே நூறு தமிழ் வாக்கியங்கள், எல்லா மொழிகளிலும். எந்த மொழி படிக்கிறவனும் அவற்றிலிருந்தே தொடங்கலாம். தமிழ் வாக்கியங்களை எழுதும் பொறுப்பு என்னுடையது. அதில் ஒரு விதி இருந்தது, தலைவர் போட்டது: என் தாளை யாரும் பார்க்கக் கூடாது. நான் இரண்டு முறை வாசிப்பேன். அவரவர் காதில் விழுந்ததை நேரே தங்கள் மொழியில் எழுத வேண்டும், நடுவில் தமிழில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. “காதுதான் முதல் பாடப் புத்தகம்” என்பார் அவர்.

ஒரு மாதத்து முதல் ஞாயிறு தலைவருக்குக் காய்ச்சல், வரவில்லை. மாமு, மதாம், எண்ணூர்க்காரர், நான். எண்ணூர்க்காரர் பாதியில் தூங்கிவிட்டார். “இது புத்தகம், அது நாற்காலி” என்று எழுதி எழுதி எனக்கு அலுத்துப் போயிருந்தது. நாற்பதுக்கு மேல் எதிர்காலத்துக்கு வந்ததும் என் பேனாவுக்குச் சிறகு முளைத்துவிட்டது. முந்தின நாள் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்தவாறு எழுதினேன். நாற்பத்து மூன்றாவது வாக்கியம் இது: ‘கப்பல் வருவதற்குள் துறைமுகத்தில் விடிந்துவிடும்.’

வாசித்தேன். மறுபடி வாசித்தேன். மாமு தலையாட்டிக்கொண்டே எழுதினார். மதாமின் பென்சில் நின்றது.

“வெடி?” என்றார்.

“ஆமாம் மதாம். வெடி.”

“துறைமுகத்தில் வெடி?”

“கப்பல் வருவதற்குள்” என்றேன் உற்சாகமாக. எவ்வளவு அழகான வாக்கியம், இவருக்கு ஒருமுறைக்கு இருமுறை கேட்கத் தோன்றுகிறதே என்று பூரித்துப் போனேன். மதாம் தோளைக் குலுக்கிவிட்டு எழுதினார். நாற்பத்து நான்கிற்குப் போனோம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்து இடைவேளையில், மாமு வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடி வந்திருக்கிறார், மேல் சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது.

“மாமு, மதாம இட்டுக்கினு போய்ட்டானுங்க.”

“யார்?”

“யாரா? போலீசு. மப்டில வந்தானுங்க ரெண்டு பேரு. தபால ஒடச்சிப் பாத்துக்கீறானுங்க. அந்தம்மா நூறு வாக்கியத்துல இதுவரிக்கும் ஆனத அப்படியே எழுதி பாண்டிச்சேரில கீற தங்கச்சிக்கு அனுப்பிக்கீது, எழுத்துப் பிழை பாத்துக் குடுன்னு. நாப்பத்திமூணாம் நம்பர்ல, கப்பல் வர்றதுக்குள்ள ஹார்பர்ல குண்டு வெடிக்கும்னு கீதாம்!”

“நாம் எங்கே அப்படி எழுதினோம்?”

“அதான் நானும் யோசிக்கிறேன். நீ படிச்சது வெடிஞ்சுடும்னுதானே? பொழுது வெடியறது. நான் மலாயில பொழுதுன்னுதான் போட்டேன்.”

அவர் சொன்னது காதில் விழுந்ததும் வாசல் கம்பி என் கையில் குளிர்ந்துபோனது. பொழுது வெடியறது. எங்கள் வீட்டில் எப்போதும் பொழுது வெடியும். அம்மா வெடிகாலையில் எழுந்திருப்பாள். அப்பா வெடிய வெடிய வண்டிப் பெட்டிகளை எண்ணுவார். எழுத்தில் நான் ‘வி’ போட்டேன். வாய் ‘வெ’ போட்டது. பட்டாசைத் தவிர வேறு வெடி தெரியாத ஒரு அம்மாள் அதை எழுதிக்கொண்டார்.

“உன் நோட்டு எங்கே?” என்று கேட்டேன்.

“தோல் கட்டுக்குள்ள சொருகிட்டேன். அரபு எழுத்துல எழுதிக்கீறேன் மாமு. அத்தப் பாத்தானுங்கன்னா நம்மள நேரா அந்தமானுக்கு ஏத்திடுவானுங்க. பேஜாராயிடும்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை. கடலிலிருந்து எதிரிக் கப்பலின் குண்டு விழுந்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். அதற்கப்புறம் துறைமுகம் என்ற சொல்லையே மெதுவாகச் சொல்லுகிற ஊராக இருந்தது எங்கள் ஊர்.

தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். இங்கே நான் எழுதப்போவதை இருபது வருஷமாக ஒருவரிடமும் சொன்னதில்லை. நடுப்பகல். தெருவில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டால் இதோ வந்துவிட்டார்கள் என்று ஜன்னல் ஓரம் போய் நிற்பேன். வண்டி தாண்டிப் போகும். அடுத்த வண்டி வரும். அம்மா கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கைப்பையிலிருந்து நூறு வாக்கியத்தின் தாள்களை எடுத்தேன். என் கையெழுத்து, என் வாக்கியங்கள், நாற்பத்து மூன்று நடுப்பக்கத்தில். யோசிக்கவேயில்லை. அடுப்புக்குள் வைத்தேன். தாள் சுருண்டு கறுத்து, ஒரு கணம் எழுத்து மட்டும் வெள்ளையாகத் தெரிந்து, போயிற்று. கவிதைகளையும் போட்டேன். அவற்றில் எங்காவது கடல் இருக்குமே.

மறுநாள் பிற்பகல் மாமு மறுபடி வந்தார். மதாமை வைத்திருந்த விசாரணை வீட்டு வாசலில் டீ விற்கிறவன் அவருக்குத் தோஸ்து. அவன் மூலமாகக் கொஞ்சம் செய்தி கிடைத்திருந்தது.

“அந்த ஆபீசரு கேட்டானாம், தமிழ்ல சொன்னவன் யாருன்னு. மதாம் பேரு மறந்துபோச்சுன்னு சொல்லிக்கீது.”

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“கேளு. தமிழ்த் தாளு எங்க, அத்தக் கொண்டா, அதுல வேற மாதிரி இருந்தா வுட்டுடறேன்னு சொல்லிக்கீறான். திங்கக்கெழம வரிக்கும்தான் டைமு. இல்லாட்டி உள்நாட்ல எங்கியோ ஒரு காம்ப்பாம், யுத்தம் முடியற வரிக்கும் அங்கதான். அந்தம்மாக்கு ஆஸ்துமா கீது மாமு. உன் கைல அந்தத் தாளு கீதுல்ல? ‘வி’ போட்டு எழுதிக்கீறல்ல?”

“இருக்கிறது” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அடுப்புச் சாம்பலை அன்று காலை அம்மா பாத்திரம் தேய்க்க எடுத்துவிட்டிருந்தாள்.

தலைவரிடம் போனேன். இரண்டு வாரக் காய்ச்சல் விட்டு எழுந்து பால் குடித்துக்கொண்டிருந்தார். சங்கத் தலைவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் அதிகாரி கேட்பார் என்று கெஞ்சினேன். தம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: “அன்று நான் கூட்டத்தில் இல்லை. இல்லாத கூட்டத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? நீங்களும் பள்ளிக்கூடத்தின் பெயரை அங்கே எடுக்கக் கூடாது.” வாசல்வரை வந்து கதவை அவரே சாத்தினார். தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. பகலில் அவர் வீட்டில் தாழ்ப்பாள் போட்டு நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை வீட்டுக்குப் போனேன். தைரியம் வந்து போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து வண்டிச் சத்தம் கேட்கிற பயம், போவதற்கான பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். கால்கள் நடந்தன, நான் பின்னால் போனேன்.

அதிகாரி தெற்கத்திக்காரர். வெள்ளைக் கோட்டு, நெற்றியில் மெல்லிய திருநீறு, பேச்சில் அப்படியொரு சுத்தம். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே குளித்துவிட்டு வந்தது போல இருக்கும். வாசலுக்குள் ஒரு கான்ஸ்டபிள் சுவரோடு சுவராக நின்றிருந்தார், கண்கள் சிவந்து. மதாம் எங்கே என்று தெரியவில்லை. உள்ளறையில் ஒரு இருமல் கேட்டது. அவருடையதுதான்.

“தாள் கொண்டு வந்தீரா?” என்றார் அதிகாரி.

“தொலைந்துவிட்டது ஐயா.”

“தொலைந்துவிட்டது.” அவர் அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். எழுதுகிற சத்தம் என் கழுத்தில் ஓடியது. “பிறகு எதற்கு வந்தீர்?”

சொன்னேன். நான்தான் வாக்கியம் எழுதியவன் என்றேன். ‘விடிந்துவிடும்’ என்று எழுதினேன், எங்கள் பக்கத்து வாயில் அது ‘வெடிந்துவிடும்’ என்று வந்துவிட்டது, அந்த அம்மாள் கேட்டதை எழுதினார் என்றேன். சொல்லும்போதே எனக்கே கதை மாதிரி இருந்தது. அத்தனை நாளாக நாக்கைத் துவைத்ததன் பலன்: சொன்ன விளக்கம் முழுவதையும் ஒரு பிசிறில்லாத தமிழில் சொன்னேன்!

அதிகாரி பேனாவை மூடினார். “நானும் தமிழன்தான் ஐயா. விடிவதை வெடிவது என்று எவன் சொல்லுவான்? நீர் பேசியது ஐந்து நிமிஷம். உம்முடைய வாயில் ஒரு பிழை இல்லை. அந்த அம்மாளைக் காப்பாற்ற வந்திருக்கிறீரா, அல்லது அவளோடு சேர்ந்தவரா?”

உள்ளறையில் இருமல் மறுபடி. நீளமாக, மூச்சு திரும்பாமல்.

“அவரைக் கேளுங்கள்” என்று கான்ஸ்டபிளைக் காட்டினேன். “அவர் இந்தப் பக்கத்துக்காரர். அவர் எப்படிச் சொல்லுகிறார் என்று பாருங்கள்.”

அதிகாரி திரும்பினார். “உன் டூட்டி எப்போது முடியும்?”

கான்ஸ்டபிள் விறைத்து நின்றார். “அதிகாலையில் முடிய வேண்டும், ஐயா” என்றார், பாடப் புத்தகத்தை ஒப்பிப்பது போல.

என் உயிர் அங்கேயே போனது. அவரும் என்னைப் போலத்தான். மேலதிகாரி முன்னால் நாக்கைக் கட்டிப் போட்டிருக்கிறார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். தினமும் காலையில் பள்ளிக்கூட வாசலில் நான் மாட்டிக்கொள்கிற முகம்.

அதிகாரி மணியை அடிக்கக் கை நீட்டினார். யாரைக் கூப்பிடவோ, என்னையும் உள்ளறையில் வைக்கவோ. அதற்கு மேல் எனக்குத் துவைக்கவும் பிழியவும் நேரமில்லை.

“இன்னா நைனா,” என்றேன் கான்ஸ்டபிளைப் பார்த்து, அப்பாவின் குரலில், கொருக்குப்பேட்டை குழாயடியில் நின்று கேட்பது போல, “கண்ணு ரெண்டும் கோவப்பழம் மாதிரி செவந்து கீதே. நேத்தும் வூட்டுக்கு வுடலியா?”

அவர் திடுக்கிட்டார். போலீஸ்காரனை, சீருடையில் இருக்கிறவனை, யார் நைனா என்பான்? ஆனால் இரண்டு ராத்திரி தூங்காதவரின் வாய் அவருக்கு முன்னால் ஓடிவிட்டது.

“வூடா? நீ வேற. ரெண்டு நாளா வெடிய வெடிய நிக்க வெச்சிக்கினு கீறானுங்க. வெடிஞ்சா ஆளு மாத்தறேன்றான், வெடிஞ்சும் போச்சு, எவனும் வரல...”

நிறுத்திக்கொண்டார். முகம் வெளுத்தது.

“என்ன சொன்னாய்?” என்றார் அதிகாரி மெதுவாக.

“தப்புதாங்க ஐயா. காலையில்னு சொன்னேங்க.”

“இல்லை. அந்தச் சொல். மறுபடி சொல்லு.”

“எந்தச் சொல்லுங்க?” நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாமல் இருந்ததுபோல.

“வெடிஞ்சா என்றாயே. என்ன வெடித்தது? பட்டாசா?”

கான்ஸ்டபிள் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இவருக்கு இதுகூடத் தெரியாதா என்று. “பட்டாசு வெடிச்சாங்க ஐயா. பொழுது வெடிஞ்சாங்க. அது ‘ச்சா’, இது ‘ஞ்சா’. ரெண்டும் வேறங்க.”

அதிகாரி ‘வெடிச்சா’, ‘வெடிஞ்சா’ என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “எழுதும். உம்முடைய உச்சரிப்பு பிழையானது, அதனால் இந்தத் தவறு நேர்ந்தது என்று. நீர் எங்கே வேலை பார்க்கிறீர் என்பதையும்.”

எழுதினேன். பள்ளிக்கூடத்தின் பெயர் வந்த இடத்தில் பேனா நின்றதில் மை சொட்டியது. தமிழ் பிழையாகப் பேசுகிறவன் நான் என்று தமிழில், பிழையில்லாமல், கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

மதாமைப் பகல் ஒரு மணிக்கு விட்டார்கள். வீட்டிலிருந்து எடுத்துப் போயிருந்த அவருடைய நோட்டைத் திருப்பித் தரவில்லை. ரயில் பாதை ஓரமாகவே அவரை வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனேன். பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். மூன்று நாளில் கவுன் அவருக்குப் பெரிதாகிப் போயிருந்தது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

“முசே” என்றார் வீட்டு வாசலில். “பொழுது வெடி. பட்டாசு வெடி. ரெண்டும் வெடியா?”

“எங்கள் வீட்டில் ஆமாம், மதாம்.”

தலையாட்டினார். அப்புறம் அந்தக் கேள்வி, நான் மூன்று நாளாகப் பயந்துகொண்டிருந்த கேள்வி: “உன் காயிதம் எங்கே? காயிதம் காட்டினா ஒரு நிமிஷம். ஏன் கொண்டு வரலே?”

தொலைந்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியில் ஒரு சுட்ட வடு, இன்னும் சிவப்பாக.

“அடுப்பா?” என்றார். அவருக்கு நன்றாகத் தெரிந்த தமிழ்ச் சொற்களில் ஒன்று.

திட்டுவார், கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். அவர் சாவியைத் துழாவிக்கொண்டே சொன்னார்: “வண்டி வந்து நின்னுது. நானும் தங்கச்சி காயிதமெல்லாம் அடுப்பு. இருவது வருஷத்துக் காயிதம். அம்மா செத்துபோன காயிதம்கூட. ஒரு நிமிஷம். வெந்துபோச்சு.”

கதவு திறந்தது. உள்ளே போனார். என்னை உள்ளே கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது தலைமையாசிரியர் என்னைக் கூப்பிடவில்லை. காரணமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை. சங்கம் இன்னும் இரண்டு முறை கூடியது. நான் தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கினால் எல்லோருடைய பென்சிலும் நின்றுவிடும். என் வாயையே பார்ப்பார்கள். மதாம்தான் கடைசியில் எழுந்து சுவரில் கரித்துண்டால் எழுதச் சொன்னார். எழுதினேன். அதற்கப்புறம் அது காதால் கற்கிற சங்கமாக இல்லை. அறுபத்து இரண்டாவது வாக்கியத்தோடு நின்றுபோனது.

இப்போது எனக்கு நாற்பத்தைந்து. என் பெயரில் புத்தகங்கள் வந்துவிட்டன. கூட்டங்களில் பேசக் கூப்பிடுகிறார்கள். மேடையில் ‘விடியும்’ என்ற இடம் வரும்போது இன்றும் ஒரு கணம் நிற்பேன். உணர்ச்சிக்காக நிறுத்துகிறேன் என்று நினைத்துக் கைதட்டுகிறார்கள். நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். மதாமின் நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறதோ தெரியாது. அதில், அவருடைய உருண்டை உருண்டையான பிரெஞ்சு எழுத்தில், அந்தக் கப்பல் இன்னும் வந்து சேரவில்லை.